செக்டுங்க

பத்தாயிரம் அடி தாண்டியாச்சு. மழை கீழயே நின்னுபோச்சு. கண்ணாடியில ஒட்டிக்கிட்டிருந்த தண்ணி கோடு கோடா பின்னால ஓடிக் காணாமப் போச்சு. பத்தாயிரத்துக்குக் கீழ வேலைப் பேச்சைத் தவிர வேற பேச்சு கூடாது, மேல வந்துட்டா ஊர்க்கதை பேசிக்கலாம்னு விதி. ஆனா ரெண்டு பேரும் பேசல. கேப்டன் அருமைநாதன் வலது கையைத் தொடை மேல வச்சு அமுக்கிட்டு உக்காந்திருந்தார். கை நடுங்கல. நடுங்கியிருந்தா தேவலைன்னு தோணுச்சு, நடுங்கற கையைப் பாத்தா யாருக்கும் பாவமா இருக்கும், இது பாட்டுக்கு இட்லி சாப்பிட்டுக் கழுவின கை மாதிரி சும்மா கெடக்கு. இந்தக் கைதான் இருபது நிமிஷத்துக்கு முன்னாடி, விடிஞ்சும் விடியாத அடைமழையில, நூத்தி அறுபத்திரெண்டு பேரை முதுகுல வச்சுக்கிட்டு, ஓடுபாதைன்னு நெனச்சு அதுக்குப் பக்கத்துல இருக்கற உருள்ற பாதையில பவரை முன்னால தள்ளுச்சு. ஓடுபாதை இன்னும் ஒரு திருப்பம் தள்ளி இருந்துச்சு. ஒரே ஒரு திருப்பம். ரெண்டும் நீளமா நேரா அண்ணன் தம்பி மாதிரி பக்கத்துல பக்கத்துல படுத்திருக்கும். ஒண்ணு விமானம் ஓடி எழும்பறதுக்கு, இன்னொண்ணு மெதுவா உருண்டு போய்ச் சேர்றதுக்கு. ஓடுபாதைக்கு நடுவுல வெள்ளை லைட்டு, உருள்ற பாதைக்குப் பச்சை லைட்டு. அவ்வளவுதான் வித்தியாசம், எல்கேஜி பிள்ளைக்குக் கூட வெள்ளையும் பச்சையும் தெரியும். பதினோராயிரம் மணி நேரம் பறந்த மனுஷனுக்கு அந்த ஒரு நிமிஷம் தெரியல. பின்னால ஒரு விமானம் இறங்க வந்துட்டு இருக்கு, சீக்கிரம் கிளம்புங்க, இல்லைன்னா நில்லுங்கன்னு டவர் சொல்லுச்சு. இல்லைன்னா நில்லுங்க. அந்த ரெண்டாவது பாதி காதுல விழுந்துச்சு, நல்லாவே விழுந்துச்சு, ஆனா நின்னா யாரு கைதட்டறா.

நின்னிருக்கலாம். சரி, அதை விடு. அதை விட முடியல, இருந்தாலும் அதைக் கூட விட்டுடலாம், பாதை மாறினது ஒரு தப்பு, மழை, அவசரம், எவனுக்கும் நடக்கும், எழுதிக் கொடுத்தா ரெண்டு மாசம் உக்கார வைப்பான், மறுபடி படிச்சுப் பரீட்சை எழுதச் சொல்வான், எழுதலாம். அதுக்கு அடுத்ததுதான் தொண்டையில நிக்குது. பவர் தள்றதுக்கு முன்னாடி ஒருத்தர் கேக்கணும், ஒருத்தர் பதில் சொல்லணும். "ஓடுபாதை சரிதானா?" இது கேள்வி. இன்னொருத்தர் நிமிந்து வெளிய பாத்து, லைட்டைப் பாத்து, திசைமானியைப் பாத்து, "செக்டு" அப்படின்னு பதில் சொல்லணும். ரெண்டு வாய் வேணும்னுதான் ரெண்டு ஆளை உக்கார வச்சிருக்கான். பக்கத்து சீட்டுல நவநீதன், ராசிபுரத்துப் பையன், இருபத்தேழு வயசு, துணை விமானி. இங்கிலீஷ்ல பேசினாலும் கூட ஒரு 'ங்க' போட்டுத்தான் பேசுவான். "ஃபிளாப்ஸ் செட்டுங்க." "செக்டுங்க." கம்பெனியில எல்லாருக்கும் அது தெரியும், தெரியாதவங்களுக்கு அருமைநாதன் செஞ்சு காட்டியிருக்கார். அந்த மூக்கடைச்ச மாதிரி 'செக்', அதுக்கப்புறம் ஒரு அரை விநாடி கேப்பு, அப்புறம் பணிவா இறங்கற 'டுங்க'. கேப்பு முக்கியம். கேப்பு இல்லைன்னா அது நவநீதன் இல்ல. இன்னிக்கு அந்த நேரம் பாத்து அவன் தொடையில வச்சிருந்த கணக்குத்தாள் கீழ வழுக்கிடுச்சு, எடுக்கக் குனிஞ்சான். அருமைநாதன் கேட்டார், "ஓடுபாதை சரிதானா?" பதில் வரல. பின்னால விமானம் வருது. அருமைநாதன் அவரே சொன்னார். நவநீதன் குரல்ல. செக், அரை விநாடி, டுங்க. கச்சிதமா. சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே பவரைத் தள்ளினார்.

நவநீதன் நிமிந்ததும்தான் கத்தினான். "சார் பச்சைங்க! லைட்டெல்லாம் பச்சைங்க சார்!" முப்பத்தஞ்சு நாட் வேகத்துல பிரேக். பெல்ட்டு தோளை அறுத்துச்சு. அப்புறம் அமைதியா, ரொம்ப அமைதியா உருண்டு, திரும்பி, சரியான ஓடுபாதைக்கு வந்து, இறங்க வந்த விமானத்தை டவர் மேலயே திருப்பி அனுப்பினதைக் காதுல கேட்டுக்கிட்டு, என்னாச்சுன்னு அவங்க கேட்டதுக்கு "ஒண்ணுமில்ல சார், சின்ன செக்கிங்"ன்னு பதில் சொல்லி, கிளம்பியாச்சு. மழையில மேல இருந்து அவங்களுக்கு ஒண்ணும் தெரியல. எழும்பி ரெண்டாயிரம் அடி வந்தப்ப நவநீதன், விதியை மீறி, மெல்ல வாயைத் தெறந்தான். "சார், நான் பாக்காமயே செக்டுன்னு சொல்லிப்போட்டனுங்க சார்." அருமைநாதன் திரும்பிப் பாத்தார். பையன் முகம் தண்ணி ஊத்தின சாம்பல் மாதிரி இருந்துச்சு. "குனிஞ்சிட்டே வாயில வந்துருச்சுங்க. சொன்ன ஞாபகங்கூட இல்லீங்க சார், ஆனா காதுல கேட்டுச்சு, நானேதானுங்க." அப்பச் சொல்லியிருக்கலாம். ஒரு வரி. டேய் அது நான்டா. அதுக்கு மூணு விநாடி போதும். மூணு விநாடி மிமிக்ரியில பெரிய பெரிய அரங்கத்தையே சிரிக்க வச்சவர். அவர் வாய் சொன்னது என்ன தெரியுமா? "அப்புறம் பேசலாம், ஏறிட்டிருக்கோம்." விதி. விதியை மதிச்சார்.

ஏறி முடிச்சாச்சு. இப்பப் பேசலாம். பேசு. ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸ்ல அப்பா பகல்ல தூங்குவாரு, ராத்திரி வண்டி ஓட்டிட்டு வந்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிட்டு. எஞ்சின் டிரைவரு, தூக்கத்துலயும் சிக்னல் கூப்பிடுவாரு. வண்டி ஓட்டும்போது டிரைவர் ஒரு தடவை சத்தமாச் சொல்லணும், அசிஸ்டென்ட் திருப்பிச் சொல்லணும், அதுதான் அங்க வழக்கம், ரெண்டு வாய். அப்பா கட்டில்ல இருந்து "டிஸ்டன்ட்டு?" அப்படிம்பாரு, தூரத்துச் சிக்னல் என்ன நிறம்னு. பதில் வரலைன்னா புரளுவாரு, மறுபடி கேப்பாரு, குரல் ஏறும், கால் பிரேக்கைத் தேடும். அம்மா சமையக்கட்டுல இருந்தே, வெங்காயம் நறுக்கிட்டே, "பச்சை பச்சை, தூங்குங்க" அப்படிம்பா. அம்மா குரலுக்கு அவர் அடங்க மாட்டாரு. அசிஸ்டென்ட்டு குப்புசாமி குரல் வேணும். அருமைநாதனுக்கு ஒம்பது வயசு. குப்புசாமிக்கு வெத்தலை ஒதுக்கின வாய், 'ச்' எல்லாம் ஈரமா வரும். ஒரு நாள் அருமைநாதன் கட்டில் ஓரமா நின்னு, வாயில நாக்கை மடிச்சு வச்சு, "பச்ச்சை" அப்படின்னான். அப்பா உடம்பு அப்படியே தளர்ந்துச்சு. ஒரு நீள மூச்சு. எவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சொல்லுல அடங்கிப் படுத்துருச்சு. அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அப்புறம் வாழ்க்கையில வரவேயில்ல, கல்யாணத்துல வரல, கேப்டனாகி நாலு பட்டை சட்டையில ஏறினப்ப வரல. அப்பாவை நான் தூங்க வச்சேன். அவரு எதையும் பாக்கல. ஆனா குப்புசாமி பாத்துட்டான்னு நம்பிட்டாரு. நவநீதனும் அப்படித்தான் நம்பிட்டான், அவன் குரலை அவனே நம்பிட்டான், இப்ப ராசிபுரத்துப் பையன் செய்யாத தப்பை மடியில வச்சுக்கிட்டு எரிபொருள் கணக்கு எழுதறான். பேனா பிடிச்ச விரல் நுனி வெள்ளையா இருக்கு.

பேசு. பேச முடியாது, பேசினா பதியும். பேசாட்டியும் பதியும், அதுதான் வினை. இந்த அறையில பேசறது ஒவ்வொண்ணும் வாலுக்குள்ள ஒரு பெட்டியில பதிஞ்சுக்கிட்டே இருக்கு. ரெண்டு மணி நேரம் தாங்கும், அப்புறம் பழசு மேலயே புதுசை எழுதும். கோயம்புத்தூருக்கு இன்னும் அம்பது நிமிஷம். அங்க நாப்பது நிமிஷம் நின்னுட்டு, இதே விமானத்தைத் திருப்பி எடுத்துட்டு வரணும். திரும்பி வர்ற வழியில எங்கயோ ஒரு மேகத்துக்குள்ள அந்த 'செக்டுங்க' அழிஞ்சுடும், நம்ம ரெண்டு பேரும் மோர் குடிச்சிட்டிருக்கும்போதே. அழியக்கூடாதுன்னா இறங்கினதும் பெட்டிக்குப் போற கரண்டை நிறுத்தணும், சீட்டுக்குப் பின்னால பேனல்ல ஒரு பட்டன், இழுத்தா ஆச்சு. இப்படி ஒண்ணு நடந்தா இழுக்கணும்னு விதி. இழுத்தா, கேப்பாங்க. கேட்டா? கேக்கறவங்க ஏமாற மாட்டாங்க. அந்தப் பெட்டிக்கு ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனிக் கோடு. நவநீதன் மைக் ஒரு கோடு, அருமைநாதன் மைக் ஒரு கோடு. குரல் எவ்வளவு ஒத்துப்போனாலும் எந்த வாயில இருந்து வந்துச்சுன்னு அதுக்குத் தெரியும். ஊரு உலகத்துல இவரு மிமிக்ரியில மயங்காத ஒரே காது அதுதான். அப்ப இழுத்தா பையன் தப்பிச்சான், நான் போனேன். இழுக்கலைன்னா நான் தப்பிச்சேன், பையன், பையன் என்ன, பையனுக்கும் ஒண்ணும் ஆகாதே, யாருக்குமே தெரியாதே. தெரியாதா? அவன் முகத்தைப் பாரு. அவன் எழுதிக் கொடுக்காம விடற ஜாதி இல்ல.

கதவு தட்டற சத்தம், ஷைலஜா. கேபின்ல மூத்தவங்க, இருபது வருஷமா அருமைநாதன் ஜோக்குக்குச் சிரிச்சவங்க. காபி ரெண்டு. "என்ன சார் ஆச்சு கிளம்பும்போது? ஒரு குலுக்குக் குலுக்கிட்டீங்க. முதல் வரிசை அம்மா பல்செட்டைத் தேடிட்டு இருக்காங்க." அருமைநாதன் வாய் அதுபாட்டுக்குத் தெறந்துச்சு, அந்தம்மா குரலே வந்துச்சு, பல்லில்லாத குரலு, "ஏம்ப்பா டிரைவரு, ஸ்பீடு பிரேக்கருன்னு சொல்லப்படாதா?" ஷைலஜா தட்டோட சேர்ந்து குலுங்கினாங்க. "உங்களை எல்லாம் என்னதான் செய்யறது சார்!" நவநீதன் சிரிக்கல. கதவு மூடுச்சு. இதுவும் பதிஞ்சாச்சு. நாளைக்கு ஒரு மேஜையைச் சுத்தி நாலு பேர் உக்காந்து, ஹெட்போன் மாட்டிக்கிட்டு, இதைக் கேப்பாங்க: பாதை மாறின முப்பதாவது நிமிஷம், கேப்டன் பல்செட்டு ஜோக் சொல்றார். ஹெட்போன் மாட்டின முகங்களை அருமைநாதனுக்குத் தெரியும். வருஷா வருஷம் பாதுகாப்பு வகுப்பு எடுக்கறது அவருதான். எந்த நாட்டிலயோ, எந்த வருஷமோ, பாதை மாறிச் செத்துப்போன ரெண்டு விமானிகளோட கடைசிப் பேச்சை எழுத்துல வாங்கி வச்சிருந்தார், அதை வகுப்புல ரெண்டு குரல்லயும் செஞ்சு காட்டுவார். பெரியவருக்குக் கரகரப்பு, சின்னவருக்குக் கொஞ்சம் அவசரம். எழுத்துல குரல் கிடையாது, அவரா போட்டதுதான். கடைசி வரி வந்ததும் நிறுத்துவார். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மனசுக்குள்ள எண்ணுவார். மூணுல ஒரு புள்ள மூக்கை உறிஞ்சும். நாலுல லைட்டைப் போடுவார். அவ்வளவு சரியா. செத்தவன் சம்சாரம் அந்த வகுப்புல உக்காந்திருந்தா, அது அவர் குரலே இல்லைன்னு எந்திரிச்சுச் சொல்லியிருப்பா. யாரும் சொல்லல. நல்லா இருந்துச்சு சார்னுதான் சொன்னாங்க. வாட்ஸாப்புல போட்டாங்க.

மஞ்சள் ரெயின்கோட்டு. அதை நெனைக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு நேரம் வேற எல்லாத்தையும் நெனச்சது. அந்த உருள்ற பாதையில, நிறுத்தின எடத்துக்கு முன்னால, ஒரு அறுநூறு மீட்டர், இழுவை டிராக்டர் ஒண்ணு ஓரமா நின்னுச்சு, அது மேல மஞ்சள் ரெயின்கோட்டு போட்ட ஆளு, மடியில டிபன் டப்பா வச்சு, மழை விழாம மூடியைக் குடையாப் புடிச்சுக்கிட்டுச் சாப்பிட்டுட்டு இருந்தான். விமானம் மெல்லப் பக்கத்துல வந்து திரும்பினப்ப நிமிந்து பாத்தான். கையில சோறு, அதனால இடது கையைத் தூக்கி சல்யூட் மாதிரி ஒண்ணு வச்சான். அருமைநாதனும் பதிலுக்குக் கையைத் தூக்கினார். அவன் பேர் என்ன, வீட்டுல யாரு கட்டிக் கொடுத்த சோறு, ஒண்ணும் தெரியாது. நவநீதன் குனிஞ்சே இருந்திருந்தா, அந்தத் தாள் இன்னும் நாலு விரல்கடை தள்ளிப் போய் பெடலுக்குக் கீழ மாட்டியிருந்தா, அவன் இன்னும் நாலு விநாடி துழாவியிருந்தா. அறுபது நாட். எண்பது. மஞ்சள். அருமைநாதன் காபியை எடுத்தார், ஆறிப்போயிருந்துச்சு, வச்சார். பையன் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், நிமிந்தான், பாத்தான், கத்தினான். அவன்தான் பாத்தான். அவன்தான் அந்த மஞ்சள் ஆளுக்கு மிச்ச சோத்தைச் சாப்பிடக் கொடுத்தான். அவன்கிட்டப் போய் நீ பாக்கலைன்னு நான் சொல்லாமச் சொல்லிட்டு இருக்கேன், நிமிஷத்துக்கு நிமிஷம். முதல் நிமிஷம் சொல்லியிருந்தா அது விளையாட்டு, கெட்ட விளையாட்டு. பத்தாவது நிமிஷம் சொல்லியிருந்தா பயம். இப்ப நாப்பத்தி ரெண்டு. நாப்பத்தி ரெண்டுக்கு என்ன பேரு?

"சார்." நவநீதன்தான். முன்னால பாத்தபடியே பேசினான். "இறங்கினதும் நானே ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தர்றனுங்க. செக்டு சொன்னது நான்தானுங்க. நீங்க என்னை நம்பித்தான தள்ளுனீங்க." அருமைநாதன் எரிபொருள் முள்ளைப் பாத்தார். "எட்டு நாள்ல எனக்கு வேலை கன்ஃபர்மேஷன் வருதுங்க சார். அது போனாப் போகுது. ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க, அந்தப் பட்டனை இழுக்காதீங்க சார். எழுத்துல ஒத்துக்கறேன். என்ற குரலை நாலு பேரு திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்கறதைத்தான் தாங்க முடியாதுங்க." இதை விட வேற என்ன வேணும். அவனே சொல்றான். பெரிய மனசு பண்ணி, சரிப்பா, உனக்காக இழுக்கலைன்னு சொல்லலாம், அவன் கண்ணுல தண்ணி விட்டுடுவான், வீட்டுல போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்துல என் படத்தை மாட்டினாலும் மாட்டுவான். அருமைநாதனுக்கு அந்த வரி நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சரிப்பா உனக்காக. அதுக்கு வேண்டிய குரல் கூட ரெடி, தழுதழுப்பு கொஞ்சம், தோள்ல கை. நாக்கைக் கடிச்சார். நிஜமாவே கடிச்சார், உப்புக் கரிச்சுது. "இறக்கத்துக்கு ரெடி பண்ணு"ன்னார். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இடது பக்கமா தள்ளுச்சு, மலை வெயில்ல பளிச்சுன்னு கெடந்துச்சு, பத்தாயிரம் அடிக்குக் கீழ வந்தாச்சு, இனிமே பேசக்கூடாது, அதுல ஒரு நிம்மதி, அந்த நிம்மதியைப் பாத்து அவருக்கே அருவருப்பா இருந்துச்சு. இறக்கம் நல்லா அமைஞ்சுது. சக்கரம் தொட்டதே தெரியல. வெள்ளை லைட்டு.

இஞ்சினை அணைச்சார். பின்னால ஷைலஜா ஒவ்வொருத்தருக்கும் நன்றி வணக்கம் சொல்றது கதவு வழியாக் கேட்டுச்சு. கீழ இருந்து இஞ்சினியர், ஹெட்செட்ல: "குட் மார்னிங் சார். வண்டியில ஏதாச்சும் கம்ப்ளெயின்ட் இருக்குதுங்களா? திரும்பிப் போற பயணிகளை ஏத்தச் சொல்லட்டுங்களா?"

"ஒரு நிமிஷம்"னார் அருமைநாதன். ஹெட்செட்டைக் கழட்டல. பையன் பக்கம் திரும்பினார். "நவநீதா, அந்த செக்டு நீ சொல்லல. நான் சொன்னேன்."

நவநீதன் அவரைத் திரும்பிப் பாத்தான். அப்புறம், அருமைநாதன் பயந்த மாதிரியே, அவன் முகம் இளகுச்சு. "வேண்டாங்க சார். உங்க நல்ல மனசு. என்னைக் காப்பாத்தறதுக்குன்னு நீங்க..."

"காப்பாத்தல."

"எனக்குக் கேட்டுச்சுங்க சார். என்ற காதுலயே..."

இப்படியே விட்டா கூட ஆச்சு. சொல்லிட்டேன், நம்பல, நான் என்ன பண்ண? அந்த எண்ணம் வந்ததும் அருமைநாதன் கண்ணை மூடிக்கிட்டார். மூடிட்டே சொன்னார். செக், அரை விநாடி, டுங்க.

ஒண்ணு. ரெண்டு. மூணு. எண்ணறதை நிறுத்த முடியல அவரால. கண்ணைத் தெறந்தப்ப நவநீதன் கை அவன் தொண்டை மேல இருந்துச்சு. அங்க ஏதாச்சும் அசைஞ்சுதான்னு பாக்கற மாதிரி.

"எப்பச் சொல்லலாம்னு இருந்தீங்க?"ன்னான். இந்தத் தடவை 'சார்' இல்ல.

அருமைநாதன் வாயைத் தெறந்தார். எத்தனையோ பேர் பேசற வாய். ஒருத்தரும் வரல.

"சார்?" கீழ இருந்து இஞ்சினியர். "ஏத்தச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாங்க. வண்டி நிக்கட்டும்." பதில் சொன்னது நவநீதன். பெல்ட்டைக் கழட்டிட்டு எந்திரிச்சான், அருமைநாதன் சீட்டைத் தாண்டிப் பின்னால போனான். பேனல்ல விரலை ஓட்டி அந்தப் பட்டனைக் கண்டுபுடிச்சான், ரெண்டு விரலால புடிச்சான். இழுக்கல. முதுகுக்குப் பின்னால அவன் மூச்சு விடறது கேட்டுச்சு.

"இப்பவே சொல்லிருங்க"ன்னான். "பெட்டி இன்னும் ஓடிட்டுத்தான் இருக்குது."

அருமைநாதன் மைக்கை உதட்டுக்குப் பக்கத்துல இழுத்து வச்சுக்கிட்டார். தொண்டையைச் செருமினார். தன் பேர்ல இருந்து ஆரம்பிச்சார்.